காணி அங்கே, வீடு இங்கே: எந்த மோட்டார் சைக்கிளை வாங்குவது?

அண்மையில் கட்டுகஸ்தோட்டையில், இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களின் கூட்டமொன்று நடந்தது. விதை, உரம், தண்ணீர்த் தாங்கி என்று பேச வேண்டிய விடயங்கள் ஒரு பட்டியலாகவே இருந்தன. ஆனால் தேநீர் வேளையில் என்னைச் சூழ்ந்துகொண்ட ஐந்தாறு பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சேர், எந்தப் பைக்கை எடுத்தால் நல்லது?"

முதலில் எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது. சொந்தக் கூரை இல்லாத நேரத்தில் மோட்டார் சைக்கிளா என்று எண்ணினேன். கேட்டவர்களில் ஒருவர் தன் நாளை விபரித்தபோதுதான் என் எண்ணம் மாறியது. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மண்சரிவுக்குப் பின் குடும்பத்தோடு உறவினர் வீட்டில் இருக்கிறார். அவருடைய மிளகும் கராம்பும் போஞ்சிப் பாத்தியும் 18 கிலோமீற்றருக்கு அப்பால், முன்பிருந்த அதே சரிவில் நிற்கின்றன. காலையில் இரண்டு பஸ், பிறகு மூன்று கிலோமீற்றர் நடை. மத்தியானம் போய்ச் சேர்ந்து, கடைசி பஸ்ஸுக்காக நான்கு மணிக்கே மண்வெட்டியை வைத்துவிட வேண்டும். "காணி அங்கே, வீடு இங்கே. நடுவிலே நான் ரோட்டில்தான் சீவிக்கிறேன்," என்றார்.

இது அவர் ஒருவருடைய கதை அல்ல. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனபோதும், 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைகளை உலுக்கியபோதும், "இவர்களுக்கு எங்கே வீடு கட்டுவது?" என்ற கேள்வியே முன்னுக்கு நின்றது. அது கேட்கப்பட வேண்டியதுதான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் குடியிருக்க உகந்ததல்ல என்று சொன்ன இடத்தில் குழந்தைகளோடு படுத்துறங்க எவருக்கும் துணிவு வராது. ஆனால் வீட்டை மாற்றலாம், மிளகுக் கொடியை மாற்ற முடியாது. புதிதாக நட்டால் காய்க்க மூன்று வருடமாவது வேண்டும். ஆகவே பழைய காணிக்குப் போய்வரும் தூரம், குடும்பத்தின் செலவுக் கணக்கில் ஒரு நிரந்தர வரியாக விழுந்துவிடுகிறது.

எனவே மோட்டார் சைக்கிள் ஆடம்பரம் என்ற என் பழைய எண்ணத்தை நான் விட்டுவிட்டேன். ஆனாலும் எல்லோரும் வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து மாத்தளை வீதியிலோ, குருநாகல் வீதியிலோ, மடவளைப் பக்கமோ, பஸ் போகும் பாதைக்கு அண்மையில் காணி இருந்து, கிழமைக்கு இரண்டு நாள் போனால் போதுமென்றால் பஸ்ஸே மலிவு. அதில் சந்தேகமில்லை. பயிர் நாளாந்தம் ஆளைக் கேட்கிறது, பஸ் இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும், மனைவிக்கோ பிள்ளைக்கோ அதே வழியில் வேலையும் பாடசாலையும் உண்டு என்றால் மட்டுமே இதைப் பற்றி யோசியுங்கள்.

சரி, எந்த அளவு?

வீட்டில் இளைஞர் இருந்தால் விடை தயாராக இருக்கும்: 150 சிசி, அல்லது அதற்கும் மேலே. பல்சர், அப்பாச்சி, எஃப்ஸி என்று பெயர்கள் வரிசையாக வரும். "மலை ஏற வேண்டுமே அப்பா, இரண்டு பேர் போக வேண்டுமே" என்ற நியாயமும் கூடவே வரும். இந்த நியாயத்தைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். பைக் 115 கிலோ, கணவன் 60, மனைவி 55, மரக்கறி உரப்பை 20. மொத்தம் 250 கிலோ. நூறு அடி போகப் பத்தடி உயரும் பாதையில், மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் இந்தப் பாரத்தை மேலே தூக்கத் தேவைப்படுவது மூன்று குதிரைவலுவுக்குச் சற்றுக் குறைவே. பாதை அதைவிடச் செங்குத்து, நூற்றுக்குப் பதினைந்தடி என்றால் நாலேகால் குதிரைவலு. உராய்வு, காற்று என்று இன்னும் கொஞ்சத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஜாஜ் சீற்றி 100, ஹீரோ ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி வண்டிகளின் எஞ்சின் தருவது ஏறக்குறைய எட்டுக் குதிரைவலு. அப்படியானால் அவையும் ஏறும். ஏறத்தான் செய்கின்றன, எமது தோட்டப் பாதைகளில் தினமும் பார்க்கிறோம். ஆனால் எட்டுக் குதிரையும் முழுமையாகக் கிடைப்பது எஞ்சின் உச்ச வேகத்தில் சுழலும்போதுதான். ஆகவே இருவரையும் மூடையையும் ஏற்றிய 100 சிசி வண்டி இரண்டாம் கியரில் அலறிக்கொண்டு ஏறும். என்றாவது ஒரு நாள் என்றால் பாதகமில்லை. தினமும் என்றால் கிளச்சும் செயினும் எஞ்சினும் சீக்கிரம் தேயும். 125 சிசி வண்டி பத்துப் பதினொரு குதிரைவலு தருவதால் அதே ஏற்றத்தை அவ்வளவு வருத்தமில்லாமல் ஏறும், பெரும்பாலான இடங்களில் மூன்றாம் கியரே போதும்.

150 சிசியின் பதினான்கு குதிரைவலு எமக்கு எங்கே தேவைப்படுகிறது? தம்புள்ளைக்கு அப்பால் நேர்வீதியில், மணிக்கு எண்பது தொண்ணூறில் போகிறவனுக்கு அது தேவை. அக்குறணைக் கடைத்தெருவில் லொறிக்குப் பின்னால் ஊர்கிறவனுக்குத் தேவையில்லை. அத்தோடு 150 சிசி வண்டி 100 சிசியைவிட ஏறக்குறைய 30 கிலோ பாரம் கூடியது. அந்த 30 கிலோ ஒரு மூடை மரக்கறி. சந்தைக்குப் போகாத மூடையொன்றை ஆயுள் முழுவதும் மலைமேல் ஏற்றி இறக்குவதற்குப் பெற்றோல் ஊற்றுகிறோம் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

ஆகவே எனது அபிப்பிராயம் இது. பெரும்பாலும் தனியாகப் போகிறவருக்கு 100 சிசி. நாளாந்தம் பின்னால் ஒருவர் ஏறுவாரென்றால் 125. அதற்குமேல் வேண்டாம். ஒரு விடயம், 100 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளை ஓட்ட ஏ வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஏ1 மட்டும் வைத்திருப்பவர் 125ஐ வாங்கிவிட்டுப் பொலிஸ்காரரைக் கண்டதும் குறுக்குப் பாதையில் திரும்புவதில் பயனில்லை.

பழைய ஜப்பான் வண்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஹொண்டா சீடி 125, சீடி 200 ரோட்மாஸ்டர் எல்லாம் எமது தகப்பன்மாரின் காலத்து அரசர்கள். இரட்டைச் சிலிண்டரின் அந்தச் சத்தத்தை நானும் விரும்பிக் கேட்பவன்தான். ஆனால் உதிரிப்பாகம் தேடி அலையவும், கூடுதலாகக் குடிக்கும் பெற்றோலை ஊற்றவும் எமது மக்களுக்குக் கட்டாது. அன்புள்ளவர்கள் வைத்துத் துடைக்கட்டும்.

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். உயிர் போவது இறங்கும்போது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி, மலை உச்சியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, நியூற்றலில் உருண்டுவரும் பழக்கம் எம்மவரிடம் இருக்கிறது. பின்னால் மனைவி, மடியில் உரப்பை. ஐந்து கிலோமீற்றர் இறக்கம் முழுவதும் 250 கிலோவையும் தாங்குவது இரண்டு சிறிய பிரேக்குகள் மட்டுமே. டிரம் பிரேக் தொடர்ந்து உராய்ந்தால் சூடேறும், சூடேறினால் பிடி தளரும். வளைவில் எதிரே பஸ் வரும்போதுதான் அது தெரியவரும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில் மிச்சம் பிடிக்கும் பெற்றோல் ஒரு தேநீர்க் காசுகூட வராது. வாங்கும்போது முன் சில்லில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி கிடைத்தால், நிறத்தையும் ஸ்டிக்கரையும் மறந்துவிட்டு அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுங்கள். செலவழிக்கத் தகுந்த இடம் அதுதான்.

பின்னால் இருப்பவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வண்டி பார்க்கப் போகும்போது ஆண்கள் மூன்று பேர் போவார்கள், அதில் தினமும் பின்னால் இருந்து போகப்போகிறவள் இருக்கமாட்டாள். அவளையும் அழைத்துப் போங்கள். ஏறி இருக்கச் சொல்லுங்கள். இருக்கை பின்னுக்கு உயர்ந்து, ஒடுங்கி, ஆளை முன்னே தள்ளுகிறதா? இளைஞர்களுக்கென்று செய்யப்பட்ட பல வண்டிகளில் அப்படித்தான் இருக்கும். பத்து நிமிடத்தில் இடுப்பு நொந்துவிடும். நீளமான, சமமான இருக்கை வேண்டும். பிடித்துக்கொள்ள இரும்புப் பிடி வேண்டும். கால் வைக்கும் கட்டை எட்டுகிறதா, செயின் முழுவதும் மூடியிருக்கிறதா, சேலைத் தலைப்போ சால்வையோ சில்லுக்குள் போகாமல் பின்பக்கம் காப்புக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்க அதிர்வு தாங்கியில் பாரத்துக்கேற்ப இறுக்கக்கூடிய படிகள் இருக்கும். இருவர் போவதென்றால் இரண்டு படி இறுக்க வேண்டும். பின் டயருக்கும் ஒருவர் போகையில் ஒரு காற்றளவு, இருவர் போகையில் அதைவிடக் கூடிய அளவு. இவற்றைச் செய்யாமல் "வண்டி ஆடுது" என்று குறைசொல்லிப் பயனில்லை.

சட்டப்படி பின்னால் ஒருவர்தான், இருவருக்கும் தலைக்கவசம். காலை ஏழு மணிக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நின்று பார்த்தால் தாங்கியின் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் தாய் என்று வெள்ளைச் சீருடைகள் பறந்துகொண்டிருப்பதைக் காணலாம். தகப்பனின் தலையில் மட்டும் கவசம். அந்தத் தகப்பனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அவருக்கு வேறு வழி இருந்திருந்தால் அப்படிப் போகமாட்டார். ஆனாலும் பைக்குக்கு என்று சேர்க்கும் பணத்தில் இரண்டாவது தலைக்கவசத்துக்கும் பிள்ளையின் அளவுக்கு ஒன்றுக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பிறகு வாங்குவோம் என்றால் அந்தப் பிறகு வருவதில்லை.

2022ஐ எவரும் மறந்திருக்கமாட்டோம். அந்த ஆடி மாதத்தில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. 18 கிலோமீற்றர் தொலைவிலுள்ள காணிக்குப் போய்வர 36 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டி அந்த 4 லீற்றரில் ஐந்து தரம் போய்வரும். 35 ஓடும் வண்டிக்கு நான்காவது பயணமே முழுதாக முடியாது. அப்படியொரு காலம் திரும்பி வராமலிருக்கட்டும். ஆனால் சாதாரண காலத்திலும் கணக்கு இதுவே. மாதம் 25 நாள் போனால் 900 கிலோமீற்றர். ஒன்றுக்கு 20 லீற்றர், மற்றதற்கு ஏறக்குறைய 26. லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 1,800 ரூபா வித்தியாசம். 92 ஒக்டேன் 470 ரூபாவுக்கு விற்ற நாட்களையும் கண்டிருக்கிறோம்.

புதிதா, பாவித்ததா? 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. நடுவில் அந்த ஐந்து வருடமும் பாவித்த பைக்குகளின் விலை எகிறியது. வாங்கிய விலையைவிடக் கூடவிற்றவர்கள் பலர். அதன் விளைவு இன்றும் இருக்கிறது. சந்தைக்கு வரும் பாவித்த வண்டிகளில் பெரும்பாலானவை 2019 அல்லது அதற்கு முந்தியவை, ஓடிக் களைத்தவை. மீற்றரில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். கால் வைக்கும் கட்டையின் ரப்பரும் கியர் நெம்பும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள், அவை பொய் சொல்லாது. பார்க்கப் போனதும் முதலில் எஞ்சினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்னே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் தெரிய வேண்டியது. நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, மோதிரமோ சிலிண்டரோ போய்விட்டது. நடு ஸ்டாண்டில் ஏற்றி ஹாண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் தட்டிப் பிடித்தால் தலைப் பேரிங் போயிருக்கிறது, பள்ளங்களில் விழுந்து எழுந்த வண்டி. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போவது நட்டமல்ல.

பத்திரம் இன்னும் முக்கியம். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின், சேசி இலக்கங்களை வண்டியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அதில் முழு உரிமையாளர் என்று ஒரு நிதிக் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை, அல்லது முடிந்தும் நீக்கவில்லை. நீக்கிக் கொண்டுவரும்வரை காசு கொடுக்க வேண்டாம். கையெழுத்து மட்டும் வைத்துத் திகதி இடாத "ஓபன் பேப்பர்" முறையில் கைமாறிக் கைமாறி வரும் வண்டிகள் ஏராளம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாறாதவரை அது உங்களுடையதல்ல. மண்சரிவில் அடையாள அட்டையும் காணி உறுதியும் புதைந்துபோய், அவற்றைத் திரும்ப எடுக்கப் பிரதேச செயலகப் படி ஏறி இறங்கும் எமக்குப் பத்திரத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி லீசிங். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இடம்பெயர்ந்த ஆறாம் மாதத்தில் ஒரு புது 150 சிசி வண்டியை எடுத்தது. முற்பணத்துக்கு மனைவியின் சங்கிலி போனது. நான்காவது தவணைக்கு மழை வந்து போஞ்சி அழுகியது. ஆறாவது தவணையோடு வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சங்கிலியும் இல்லை, பைக்கும் இல்லை, மிச்சக் கடன் மட்டும் கடிதமாக வந்துகொண்டிருந்தது.

வட்டி எப்படிச் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். 3 இலட்சம் ரூபா, 3 வருடம், "வருடத்துக்கு 15 வீதம்தான்" என்பார்கள். வருடம் 45,000 வீதம் 3 வருடத்துக்கு 135,000. மொத்தம் 435,000. மாதம் 12,083. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். கடைசி வருடத்தில் உங்கள் கையில் இருப்பது சிறு தொகையே, வட்டியோ முழு 3 இலட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டால் அது வருடத்துக்கு ஏறக்குறைய 26 வீதம். "மீதிக் கடனுக்கு வட்டி எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். அதைவிட, விவசாயிக்கு மாதச் சம்பளம் இல்லை. மிளகு வருடத்தில் சில மாதம்தான் காசு தரும். மாதாமாதம் ஒரே தொகை என்ற ஒப்பந்தம் சம்பளக்காரருக்கென்று செய்யப்பட்டது. சனச போன்ற சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்திலோ, கிராமத்துச் சேமிப்புக் குழுவிலோ அறுவடைக்கு ஏற்பத் தவணை வைக்கச் சம்மதிப்பார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கென்று கிடைக்கும் நட்டஈட்டை மட்டும் பைக்கில் போடாதீர்கள். பைக் வருடா வருடம் விலை இறங்கும் சாமான்.

ஒரு சிலர் ஸ்கூட்டரை எள்ளி நகையாடுகிறார்கள், "பொம்பிளைப் பிள்ளைகளின் வண்டி" என்று. காணிக்குப் போகும் கல்லும் குழியுமான பாதைக்கு அதன் சிறிய சில்லு உதவாது என்பதும், நெடிய இறக்கத்தில் கியர் வண்டியைப் போல எஞ்சினால் பிடித்துக்கொள்ள முடியாது என்பதும் உண்மையே. ஆனால் காணிக்குக் கிழமைக்கு ஒருமுறைதான் போகிறீர்கள், நாளாந்தம் கட்டுகஸ்தோட்டைக்கோ கண்டிக்கோ வேலைக்குப் போவது மனைவி அல்லது மகள் என்றால், யாருக்காக வண்டி வாங்குகிறோம் என்று வீட்டில் எல்லோரும் இருந்து பேசுங்கள். அவளே ஓட்டிப் போகக்கூடிய ஸ்கூட்டர், அவளைக் கொண்டுபோய் விட ஒரு ஆண் தன் அரை நாளைச் செலவழிக்கும் பைக்கைவிட மேலானது. மின்சாரத்தில் ஓடுவன பற்றியும் கேட்கிறார்கள். தமக்கென்று மின்மானி இல்லாத தற்காலிக வீட்டில் இருப்போருக்கு இன்றைக்கு அது பொருந்தாது.

கூட்டத்தில் கேட்ட அந்தப் பெரியவர் இரண்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார். கலகெதரப் பக்கம் ஒரு 125 இருக்கிறதாம், 2018 வண்டி, முதல் உரிமையாளரே விற்கிறாராம். மனைவியையும் ஒரு உரப்பையில் இருபது கிலோ மணலையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். விற்பவர் சிரித்தாராம். மூவரையும் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் பின்னாலுள்ள ஏற்றத்தில் நடுவழியில் நிறுத்தி, மீண்டும் எடுத்துப் பார்த்திருக்கிறார். எடுத்தது. ஆனால் கிளச் வழுக்குகிறது என்று பாஸ் சொன்னாராம். அதற்கான செலவை விலையில் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். விற்பவர் ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.